மெய்ப்புப் பார்ப்பவனின் மாண்டலின் அலமாரி

அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸில், கூடி வாசிக்கும் ஜாம் வட்டத்தில் ஒரு மெட்டு முடியப்போகிறது என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. நடத்துகிறவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். இந்தச் சுற்றோடு சரி என்று பொருள். நான் முதன்முதலாக அப்படியொரு வட்டத்தில் உட்கார்ந்த மாலையிலும் கால் உயர்ந்தது. கிதார் நின்றது, பான்ஜோ நின்றது, பேஸ் நின்றது. மடியில் விரித்திருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் இன்னும் நான்கு தாளக்கட்டங்கள் வாசித்தேன். தலை நிமிர்ந்தபோது ஏழு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

தாளில் இருந்ததில் ஒரு எண்கூடப் பிழையில்லை. பிழை, நான் அந்தத் தாளை நம்பி வந்ததில் இருந்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் புளூகிராஸ் மாண்டலின் கற்க நான் வாங்கியவை நான்கு புத்தகங்கள், இரண்டு காணொளிப் பாடத்தொகுதிகள், ஓர் இணையப் பள்ளியின் சந்தா, இரண்டு செயலிகள். அவற்றில் எது உதவியது, எது அலமாரியை அடைத்துக்கொண்டது என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி, ஏனென்றால் என் தேர்வுகளெல்லாம் கோணலானதற்கு அதுவே காரணம். நான் 22 ஆண்டுகளாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஒற்று மிகும் இடம், மிகாத இடம், வரி ஓடிய இடம் எல்லாம் பக்கத்தைத் திருப்பும்போதே கண்ணில் குத்தும். கண்ணால் பிழைப்பவன் இசை கற்கப் புறப்பட்டால் எதை வாங்குவான்? அச்சடித்ததைத்தான். முதல் புத்தகத்தை நான் தேர்ந்தெடுத்தது அதன் எழுத்துருவைப் பார்த்து. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மாண்டலினுக்கு எட்டுத் தந்திகள். இரண்டிரண்டாகச் சேர்ந்து நான்கு ஜோடிகள். தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஜி, டி, ஏ, ஈ என்று வயலினுக்கு வைக்கிற அதே சுருதி. ஆகவே ஃபிடில்காரர்களின் (நாட்டுப்புற வயலின்காரர்களின்) பழைய மெட்டுகளெல்லாம் அப்படியே இதன் விரலுக்குள் அடங்கும். பாடப்புத்தகங்கள் அவற்றை இரண்டு விதமாக அச்சிடுகின்றன. ஒன்று, ஐந்து கோட்டு இசைக்குறியீடு. மற்றொன்று டேப் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் டேப்லேச்சர்: நான்கு ஜோடிக்கு நான்கு கோடுகள், எந்தக் கோட்டில் எந்த எண் இருக்கிறதோ அந்தத் தந்தியில் அந்த ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டத்தை) அழுத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் படிக்கக் கற்றுவிடலாம். அதுவே அதன் ஆபத்தும்.

அந்த முதல் புத்தகத்தில் எனக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 'ஓல்ட் ஜோ கிளார்க்' என்ற பழைய மெட்டு, தொடக்கநிலைப் புத்தகங்களில் அநேகமாகத் தவறாமல் இருப்பது. ஏ சுருதியில் வாசிப்பார்கள். ஆனால் சாதாரண ஏ மேஜர் அல்ல. ஏழாவது சுரம் அரைச்சுரம் இறங்கியிருக்கும். ஜி ஷார்ப் (ஜி-க்கு அரைச்சுரம் மேல்) வர வேண்டிய இடத்தில் வெறும் ஜி வரும். அந்த ஒரு சுரம்தான் அந்த மெட்டின் முகம். என் புத்தகத்தில் மேலே இசைக்குறியீடு, கீழே டேப். மேலே மூன்று ஷார்ப் போட்டு ஏ மேஜர் என்று அறிவித்துவிட்டு, அந்தச் சுரத்தின் முன்னால் ஷார்ப்பை நீக்கும் குறியைப் போட மறந்துவிட்டார்கள். ஆக, மேல் வரி ஜி ஷார்ப் என்றது. கீழே டேப்பில் ஈ தந்தியில் 0, 2, 3 என்று ஏறி, 2, 0 என்று இறங்கி, ஏ தந்தியில் 5, 4 என்று போனது. ஈ தந்தியில் மூன்றாவது ஃபிரெட் ஜி; நான்காவதுதான் ஜி ஷார்ப். மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றை ஒன்று பொய்யாக்கின.

மெய்ப்புப் பார்ப்பவனுக்கு இதைவிட இன்பமான மாலை உண்டா? பென்சிலால் வட்டமிட்டேன், ஓரத்தில் கேள்விக்குறி போட்டேன். பிறகு எது சரி என்று கண்டுபிடிக்க அதே புத்தகத்தின் மற்றப் பக்கங்களை ஒப்பிட்டேன். மூன்று ஷார்ப் போட்ட மற்ற மெட்டுகள் என்ன செய்கின்றன என்று பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பின்னட்டையின் உட்புறத்தில், பிளாஸ்டிக் உறையில், ஒலிவட்டு ஒன்று ஒட்டியிருந்தது. புத்தகம் வாங்கி மூன்று வாரம் ஆகியும் உறையைப் பிரிக்கவில்லை. பிரித்துப் போட்டேன். நான்கு நொடியில் விடை கிடைத்தது. டேப் சரி, மேல் வரி தவறு. அதை அறிய எண்ணும் வேண்டியதில்லை, குறியும் வேண்டியதில்லை. ஒரு தடவை கேட்டவர் யாரும் அந்த இடத்தில் ஜி ஷார்ப் வாசிக்கவே மாட்டார்; வாசித்தால் மெட்டு வேறு யாருடையதோ போல ஒலிக்கும்.

அதன் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பது வேறு கதை. ஆனால் அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் பார்ப்பது ஒலிப்பதிவு இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால் எப்படி இருக்கிறது? ஒரே வேகத்தில் மட்டுமா, மெதுவாகவும் உண்டா? மாண்டலின் ஒரு காதிலும் உடன்வாசிப்பு மறு காதிலுமாகப் பிரித்திருக்கிறார்களா? அப்படிப் பிரித்திருந்தால் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு நாமே அந்த இடத்தில் வாசிக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இரண்டாவது புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதன் முன்னுரை சகிக்க முடியாதது.

டேப்பில் இன்னொரு குறை உண்டு. எங்கே அழுத்துவது என்று சொல்லும். எப்படி அடிப்பது என்று பெரும்பாலும் சொல்லாது. புளூகிராஸ் மாண்டலினில் வலக்கைதான் முக்கால் பங்கு. தாளத்தின் எண்ணிக்கை விழும் இடத்தில் பிக் (தந்தியை மீட்டும் சில்லு) கீழ்நோக்கியும், இடையில் மேல்நோக்கியும் போக வேண்டும். சுரம் இல்லாத இடத்திலும் கை அந்த ஊசலை விடக்கூடாது. தந்தியைத் தொடாமல் காற்றில் போய் வர வேண்டும். ஜிக் எனப்படும் ஆறெட்டுத் தாள மெட்டுகளுக்கு வேறு கணக்கு: கீழ், மேல், கீழ், மறுபடியும் கீழ், மேல், கீழ். இந்தத் திசைக்குறிகளை ஒவ்வொரு சுரத்தின் கீழும் அச்சிட்டிருக்கும் புத்தகம், முதல் ஆறு மாதத்துக்கு நூறு மெட்டு அச்சிட்ட புத்தகத்தைவிட மேல். என் மூன்றாவது புத்தகம் அந்த நூறு மெட்டு வகை. அதில் ஒரு திசைக்குறிகூடக் கிடையாது. அதைப் பார்த்து எட்டு மெட்டுகளை ஏதோ ஒரு திசையில் அடித்துப் பழகினேன். வேகம் கூட்டியபோது எட்டும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தன. கற்றதை மறக்கக் கற்ற காலத்தைவிட அதிகம் பிடித்தது.

கட்டுமானம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும்போது புத்தகம் தானாக மூடிக்கொண்டால் எழும் கோபத்தை எந்த இசையும் ஆற்றாது. கம்பிச்சுருள் கட்டு என்றால் வாங்குங்கள். முதுகு ஒட்டிய புத்தகம் என்றால் முதல் நாளே துணிகாய வைக்கும் கிளிப்புகளையும் சேர்த்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது புத்தகத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டலாம்: ஜாக் டாட்டில் எழுதி 1975-இல் வெளிவந்த 'புளூகிராஸ் மாண்டலின்'. பிற்பாடு 1982-இல் கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் புளூகிராஸுக்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கியவர் இவர். புத்தகம் பழையது, அதன் தோற்றமும் பழையது. ஆனால் மாண்டலின் என்றால் ஒரே பாணி அல்ல என்பதை எனக்குக் காட்டியது அதுதான். புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்ரோ ஒரு விதம். பான்ஜோவில் விரல்கள் தந்தி மாற்றி மாற்றி உருட்டுவதை ஒற்றைப் பிக்கால் மாண்டலினுக்குக் கொண்டுவந்த ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ் வேறு விதம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கையில் பத்து மெட்டு ஏறிய பிறகு, 'நான் யாரைப் போல ஒலிக்க ஆசைப்படுகிறேன்' என்ற கேள்வி வரும் அல்லவா, அப்போது இதைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் பேசும்.

இனிக் காணொளி. 1967-இல் ஹேப்பி டிராமும் அவர் மனைவி ஜேனும் அமெரிக்காவில் ஹோம்ஸ்பன் என்ற பெயரில் இசைப்பாடங்களை ஒலிநாடாவில் பதிந்து விற்கத் தொடங்கினார்கள். படமே கிடையாது, குரலும் வாத்தியமும் மட்டும். அந்தக் காலத்து மாணவர்கள் எத்தனை பாக்கியசாலிகள் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பார்க்க ஒன்றும் இல்லாததால் கேட்டே தீர வேண்டியிருந்தது.

நான் வாங்கிய முதல் காணொளித் தொகுதியில் பார்க்க நிறைய இருந்தது. ஆசிரியரின் முகம், சட்டை, பின்னால் தொங்கும் மூன்று வாத்தியங்கள், ஜன்னல் வெளிச்சம் எல்லாம் அழகாகத் தெரிந்தன. வலது மணிக்கட்டு மட்டும் சட்டகத்தின் கீழ் விளிம்பில் பாதி அறுபட்டிருந்தது. 'இந்த இடத்தில் கையைத் தளர்த்துங்கள்' என்று அவர் சொல்கிறார். கை படத்தில் இல்லை. பெயர் சொல்ல வேண்டாம். நல்ல வாசிப்பாளர்தான். படம் எடுத்தவருக்கு முகம் பிடித்திருந்தது, அவ்வளவே.

ஆகவே எந்தக் காணொளிப் பாடத்தையும் வாங்கும் முன் மாதிரிப் பகுதியை ஒலி இல்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தெரிகின்றனவா? பிக் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரிகிறதா? பிறகு படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். பேச்சு எவ்வளவு, வாசிப்பு எவ்வளவு? என் இரண்டாவது தொகுதியில் ஆசிரியர் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் வாசிக்கிறார். ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டு, அதே அளவு நேரம் பேசாமல் காத்திருக்கிறார். அந்த இடைவெளி நமக்கு. முதலில் அந்த மௌனத்தைத் தொழில்நுட்பக் கோளாறு என்று நினைத்தேன்.

இப்போது சாப், அதாவது மாண்டலினின் தாள வெட்டு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாடங்கள் மிகக் குறைவாகச் சொல்வது இதைப் பற்றித்தான்.

மரபான புளூகிராஸ் குழுவில் முரசு கிடையாது. நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் பேஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழும். இரண்டிலும் நான்கிலும் விழுவது மாண்டலினின் சாப். நான்கு தந்திகளிலும் கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) பிடித்து, பிக்கால் ஒரே வெட்டாகக் கீழே அடித்து, ஒலி பிறந்த கணமே இடக்கை அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும். விரல் தந்தியை விட்டு எழக்கூடாது. எழுந்தால் திறந்த தந்தி முனகும். பிடியை மட்டும் விட வேண்டும். சரியாக வந்தால் ஒலி 'டக்' என்று பிறந்து அங்கேயே சாகும். திறந்த தந்தி கலந்த கார்டில் இது நடக்காது, ஏனென்றால் அழுத்தாத தந்தியை எப்படித் தளர்த்துவது? அதனால்தான் நான்கும் மூடிய பிடிகள். அவற்றில் பேர்போனது ஜி: ஜி தந்தியில் 7-இல் சுண்டுவிரல், டி-யில் 5-இல் மோதிரவிரல், ஏ-யில் 2-இல் ஆள்காட்டி, ஈ-யில் 3-இல் நடுவிரல். படத்தில் பார்த்தால் சாதாரணம். முதல் வாரம் என் சுண்டுவிரல் அந்த 7-ஐத் தொடுவதற்குள் பாட்டில் கார்டு மாறிவிட்டிருக்கும்.

ஒரு ஜாமில் நம் பங்கு என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏழு பேர் வட்டத்தில் நமக்குத் தனிவாசிப்பு ஒரு சுற்று வரும். மற்ற ஆறு சுற்றும், பாடும் நேரம் முழுவதும், நாம் சாப்தான் அடிக்கிறோம். ஆனால் என் முதல் புத்தகம் 96 பக்கம். அதில் சாப்புக்கு ஒதுக்கியது கடைசியில் மூன்று பக்கம். நூறு மெட்டுப் புத்தகத்தில் அதுவும் இல்லை. காணொளிகளில் ஒன்று 'மேம்பட்ட உத்திகள்' என்ற தலைப்பின் கீழ் அதை வைத்திருந்தது. சமையல் புத்தகத்தில் அடுப்பு பற்ற வைப்பதைப் பின்னிணைப்பில் சேர்த்த மாதிரி.

எனக்கு வழி காட்டிய பாடம் நேர்மாறாகத் தொடங்கியது. முதல் பாடத்தில் மெட்டே இல்லை. ஜி பிடியில் மேல் ஈ தந்தியை விட்டுவிட்டு 7, 5, 2 என்ற மூன்று தந்திகள் மட்டும் போதும் என்றது. டி, ஜி, பி என்ற மூன்று சுரங்களும் அதிலேயே வந்துவிடுகின்றன. நான்காவது விரலுக்கு அவசரமில்லை. பிறகு, இடக்கையைத் தந்திகளின் மேல் சும்மா கிடத்தி, சுரமே இல்லாமல் இரண்டிலும் நான்கிலும் வெட்டச் சொன்னது. மெட்ரோனோம் என்ற தாளக்கருவியை இரண்டுக்கும் நான்குக்கும் மட்டும் தட்டும்படி வைத்து, ஒன்றையும் மூன்றையும் நாமே காலால் தட்ட வேண்டும். ஒரு வாரம் இதுதான். வீட்டில் இருப்பவர்கள் வாத்தியம் உடைந்துவிட்டதா என்று கேட்டார்கள். பிறர் பாடும்போது சத்தத்தைக் குறைப்பது, நம் தனிவாசிப்பு வரும்போது சாப் நின்றுபோவதால் பேஸும் கிதாரும் தாளத்தைத் தாங்குவது என்பதையெல்லாம் அந்தப் பாடம் சொன்னது. நான் முதலில் வாங்கியிருக்க வேண்டியதும் அதுதான். கடைசிக்கு முன்னால்தான் வாங்கினேன்.

இன்னொரு சோதனை உண்டு: பொருளடக்கத்தில் சுருதிகளைப் பாருங்கள். எல்லா மெட்டும் ஜி, டி, ஏ என்றால் அது வீட்டில் தனியாக வாசிப்பவருக்கான புத்தகம். அந்தச் சுருதிகளில் திறந்த தந்திகள் உதவும்; ஃபிடில் மெட்டுகளும் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் சுருதியைத் தீர்மானிப்பது பாடுகிறவரின் தொண்டை. பி என்பார்கள், பி ஃபிளாட் என்பார்கள். கிதாரும் பான்ஜோவும் கேப்போ என்ற கவ்வியைக் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தித் தங்கள் பழைய பிடிகளையே பிடிக்கும். மாண்டலின்காரர்கள் வழக்கமாகக் கேப்போ போடுவதில்லை. எனக்கு அது தெரிந்தது, கால் தூக்கப்பட்ட அதே மாலையில், இரண்டாவது பாட்டில். அன்று பி-யில் என்னிடம் ஒன்றுமே இல்லை. அந்தப் பாட்டு முழுவதும் கையைத் தந்திகள் மேல் கிடத்தி வெறும் ஓசை எழுப்பினேன். பக்கத்தில் இருந்த பான்ஜோக்காரர் இடைவேளையில், "ஜி பிடியை அப்படியே நான்கு ஃபிரெட் மேலே தள்ளுங்கள், அவ்வளவுதான்" என்றார். 11, 9, 6, 7. அவ்வளவேதான். அதிலும் ஒரு வேடிக்கை: மேலே போகப்போக ஃபிரெட்டுகள் நெருங்குவதால், பி பிடிப்பது ஜி பிடிப்பதைவிட விரலுக்குச் சுலபம். இதை ஒரு புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. மூடிய பிடிகளை நகர்த்துவதை இருபதாம் பக்கத்துக்குள் சொல்லாத புத்தகத்தை இப்போதெல்லாம் திருப்பி வைத்துவிடுகிறேன்.

சந்தா எடுத்த இணையப் பள்ளி ஆர்ட்டிஸ்ட்வொர்க்ஸ். அங்கே நான் சேர்ந்த மாண்டலின் வகுப்பின் ஆசிரியர் மைக் மார்ஷல். பாடங்கள் வரிசையாக இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அதன் தனிச்சிறப்பு வேறு. மாணவர் தாம் வாசிப்பதைப் படம்பிடித்து அனுப்பலாம். ஆசிரியர் அதைப் பார்த்துப் பதில் காணொளி அனுப்புவார். இரண்டையும் மற்ற மாணவர்களும் பார்க்கலாம். எனக்கு அனுப்பும் துணிச்சல் வரவில்லை. பிறர் அனுப்பியவற்றைப் பார்த்தேன், இரவுகணக்காக. என் குறைகள் ஒவ்வொன்றும் அங்கே யாரோ ஒருவருடைய கையில் இருந்தன. தன் பிழை தனக்குத் தெரியாது. அடுத்தவன் மெய்ப்பில் உடனே தெரியும். என் தொழிலின் முதல் பாடமும் அதுதான். அனுப்பத் துணிகிறவருக்குச் சந்தா முழுப் பயன் தரும். என்னைப் போன்ற கோழைக்கு மூன்று மாதம் போதும்.

செயலிகள் இரண்டைப் பற்றிச் சுருக்கமாக. அமேஸிங் ஸ்லோ டவுனர் எந்த ஒலிப்பதிவையும் சுருதி மாறாமல் மெதுவாக்கும். ஒரு துண்டை மட்டும் திரும்பத்திரும்ப ஓட்டும். ஸ்ட்ரம் மெஷின் என்பது பழைய மெட்டுகளுக்கு உடன்வாசிப்பைத் தருவது; வேகத்தையும் சுருதியையும் நாம் வைத்துக்கொள்ளலாம். ஃபிடில் மெட்டு பொதுவாக இரண்டு பகுதி, பகுதிக்கு எட்டுத் தாளக்கட்டம், ஒவ்வொன்றும் இரண்டு தடவை, ஆக மொத்தம் 32. அந்த 32-ஐத் தாள் பார்க்காமல் உடம்பில் உணர எனக்கு உதவியது இந்தச் செயலிதான். ஒரு குறை: அது ஒருபோதும் தடுமாறாது, அவசரப்படாது, காலையும் தூக்காது. மனிதர்கள் மூன்றையும் செய்வார்கள். ஜாம் நடத்தைக்கு வேறு பாடம் வேண்டும். பான்ஜோ ஆசிரியர் பீட் வெர்னிக் மெதுவான ஜாம்களைப் படம்பிடித்து, சேர்ந்து வாசிக்கும்படி வெளியிட்டிருக்கிறார். திரையில் இருப்பவர்களின் கையைப் பார்த்துக் கார்டைப் பிடிக்கப் பழகலாம். இடக்கை வடிவத்தைப் பார்த்து 'இது ஜி, இது சி' என்று கிதார்காரரிடமிருந்து படிக்கத் தெரிந்துவிட்டால், தெரியாத பாட்டிலும் சாப் அடிக்கலாம். கண்ணுக்கு நியாயமான வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பாடம் என்ற பெயர் இல்லாத பாடத்தையும் சொல்லிவிட வேண்டும். கென்டக்கியின் ரோசினில் 1911-இல் பிறந்த பில் மன்ரோவின் குழுவில் 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பான்ஜோவோடு சேர்ந்தார். லெஸ்டர் ஃபிளாட் கிதார், சப்பி வைஸ் ஃபிடில். 1946, 1947 ஆண்டுகளில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர்கள் செய்த பதிவுகள்தான் இந்த இசையின் அடித்தளம். அவற்றை மன்ரோவின் தனிவாசிப்புக்காக நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சாப்பைப் பழகத் தொடங்கிய பிறகு கேட்டபோதுதான் மற்ற நேரங்களில் அவர் கை என்ன செய்கிறது என்று காது தேடத் தொடங்கியது. ஃபிளாட் பாடும்போது மாண்டலின் எங்கே போகிறது, ஃபிடில் எழும்போது எங்கே வருகிறது என்று ஒரு பாட்டை முழுக்க அதை மட்டும் கேட்டுக்கொண்டு இருந்துபாருங்கள். எந்த ஆசிரியரும் இதைப் பாட எண் போட்டு விற்க முடியாது.

யாராவது இப்போது என்னிடம் வந்து எதை வாங்குவது என்று கேட்டால், வாத்தியத்தை வாங்கிய அன்றே புத்தகம் வாங்க வேண்டாம் என்பேன். சாப்பிலிருந்து தொடங்கும் ஒரு காணொளித் தொகுதி, மெதுவாக்கும் செயலி, அவ்வளவு போதும் ஆறு மாதத்துக்கு. அதற்குள் நான்கு மெட்டுகளைக் காதால் பிடித்திருக்க வேண்டும், எவ்வளவு கோணலாக இருந்தாலும். பிறகு திசைக்குறியும் ஒலிப்பதிவும் உள்ள ஒரு புத்தகம். காதால் பிடித்ததைச் சரிபார்க்க. ஏற்கெனவே ஃபிடில் வாசிப்பவர் என்றால் இடக்கைப் பாடம் எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம், வலக்கைக்கு மட்டும் வாங்குங்கள். கிதாரிலிருந்து வருபவர் நேர்மாறு என்று சொல்லத் தோன்றும். ஆனால் மாண்டலினின் ஜோடித் தந்திகள் கிதாரைவிட விறைப்பானவை. அவருக்கும் வலக்கையில் புது வேலை இருக்கிறது. நூறு மெட்டுப் புத்தகத்தைப் பரிசாக யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டாதீர்கள். மூன்றாம் ஆண்டில், மறந்துபோன இரண்டாம் பகுதியை நினைவுபடுத்திக்கொள்ள அது உதவும். எனக்கு உதவுகிறது.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் நல்ல பாடம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை: ட்ரெமோலோ. மெதுவான பாட்டுகளில் சுரம் அறுபடாமல் நீள, பிக்கை இடைவிடாமல் மேலும் கீழும் ஓட்டுவது. இதில் ஆசிரியர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி, தாளத்துக்கு இத்தனை அடி என்று எண்ணி வாசி என்கிறது. மற்றது, எண்ணினால் இயந்திரம் போல ஒலிக்கும், எண்ணாமல் விடு என்கிறது. முதல் கட்சியின் புத்தகம் என்னிடம் இருக்கிறது. அதில் பதினாறாம் பக்கத்தில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது, பென்சிலால் போட்டுவைத்திருக்கிறேன். இரண்டாம் கட்சியின் காணொளியும் இருக்கிறது. மணிக்கட்டு இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுக்கொள்கிறது. பாட்டின் மூன்றாவது வரியில் இறுகிவிடுகிறது.